கலைக்க முடியாத ராக் குழு

மலேசியாவின் வடக்கே, குருணிலிருந்து சுங்கைப்பட்டாணிக்குப் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் மடியில் கிட்டார் பை. தொழிற்சாலைச் சட்டை போட்டிருந்த இளையவர்தான் அவர்களுடைய ஹார்ட் ராக் குழுவின் பாடகர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

“அண்ணே, எனக்குத் தெக்க ஜொகூர்ல வேல கெடச்சிருச்சு. நம்ம ஆல்பம் வந்ததும் குழுவக் கலைச்சிட்டோம்னு அறிவிச்சிரலாம்.”

மூத்தவர் மடியிலிருந்த பையை நிமிர்த்தி வைத்தார்.

“அறிவிக்கலாம்லா. யாருக்கு?”

“ரசிகர்களுக்கு.”

“நாம போட்ட மொத சிங்கிள் பாட்ட உங்கம்மா மட்டுந்தான் கேட்டாங்க. ரெண்டாவத அவங்களும் கேக்கல.”

“கேட்டாங்கண்ணே. கேட்டுட்டு, வயித்து வலியாடான்னு விசாரிச்சாங்க.”

இருவரும் சிரித்தார்கள்.

“கலைச்சிட்டோம்னு சொன்னா, எப்ப ஆரம்பிச்சீங்கன்னு கேப்பாங்க தம்பி. அசிங்கமா போயிரும்.”

“அப்ப என்னதான் செய்றது?”

“ஆல்பம் வரட்டும். நீ லீவுல வர்றப்பல்லாம் ஒரு சிங்கிள் போடுவோம். நாலு பேருக்கு நம்மளத் தெரியட்டும். அப்புறம் கௌரவமா பிரிஞ்சிக்கலாம்.”

“அதுக்கு ரொம்ப வருஷம் ஆகுமேண்ணே.”

“ஆகட்டும்லா,” என்றார் மூத்தவர்.