இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளி

பெயர் சோலையப்பன், வயது 49, தகப்பனார் பெயர் அய்யாக்கண்ணு, மேலத்தெரு, விராலிமலை வட்டம், புதுக்கோட்டை மாவட்டம். விசாரணையில் கூறியதாவது:

நான் மேற்கண்ட முகவரியில் மனைவி பிரகதாம்பாள், மகள் இசைவாணி ஆகியோருடன் குடியிருந்து, மெயின் ரோட்டில் தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை நடத்தி வருகிறேன். இந்த வழக்கில் தேடப்படும் எழிலரசன் என் மனைவியின் உடன்பிறந்த தம்பி. மாதம் பத்து வட்டி தருவதாகச் சொல்லி எங்கள் தெருவில் பணம் வசூல் செய்தான். ரசீதில் வேலும் மயிலும் அச்சடித்திருந்தான், கிருத்திகை அன்று மட்டும்தான் பணம் வாங்குவான். சாமி பேரைச் சொல்லி வாங்குகிறவன் ஓடிப் போவானா என்று தெருவே கட்டியது. ஓடித்தான் போனான்.

எங்கள் வீட்டில் மட்டும் பணம் கட்டாததால், தம்பியின் மோசடி அக்காவுக்கு முன்பே தெரியும் என்றும், என் மனைவியையும் வழக்கில் சேர்க்க வேண்டும் என்றும் தெருக்காரர்கள் சிலர் மனுக் கொடுத்திருப்பதாக அறிகிறேன். அது பச்சைப் பொய். தம்பி ஓடிய செய்தி கேட்ட அன்று அவள் அடுப்பே பற்ற வைக்கவில்லை.

நான் பணம் கட்டாததற்குக் காரணம் வேறு. எனக்குச் செல்போனில் ரம்மி ஆடும் பழக்கம் இருந்தது. கிருத்திகையில் முருகனைக் கும்பிட்டு ஆடினால் தோற்க மாட்டோம் என்று நம்பி ஆடி, பட்டறையில் இருந்த காயில் சுற்றும் மெஷினை விற்றேன். அதன் பிறகு, பணம் போடுகிற எந்தக் காரியத்தையும் குலசாமி கருப்பரிடம் பூக்கட்டிப் பார்க்காமல் செய்ய மாட்டேன் என்று என் மனைவிக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன். ஒரு வாழை இலைப் பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி வைத்து மடித்துச் சாமி முன் போட்டால், பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். பூ மடித்துக் கொடுப்பது என் மனைவி.

முதலில் லாட்டரிச் சீட்டுக்குக் கேட்டேன், சிவப்பு வந்தது. அதன் பிறகு மாட்டு வியாபாரக் கூட்டுக்குக் கேட்டேன், சிவப்பு. அதன் பிறகு சேவல் பந்தயத்துக்குக் கேட்டேன், அதற்கும் சிவப்பு. ஆத்திரத்தில் கிணற்றடியில் மற்றப் பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் செவ்வரளி. சாமியிடமே விளையாடுகிறாளே, இருக்கட்டும் இவளுக்கு என்று வீட்டுக்குப் போனேன். வாசலில் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கருப்பரு என்னங்க சொன்னாரு?” என்று கேட்டாள். திட்டப் போனவன் செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டேன்.

“வேணாமுன்னுட்டாரு” என்றேன்.

“அவரு சொன்னாச் சரியாத்தாங்க இருக்கும்” என்று சொல்லிவிட்டு, எனக்குச் சோறு போடப் போனாள்.

அவள் வேண்டாம் என்றால் நான் சண்டை போடுவேன், கருப்பர் வேண்டாம் என்றால் நின்றுவிடுவேன். அது அவளுக்குத் தெரியும். கருப்பருக்குப் பிடிக்கவில்லை என்றால் அவள் கையைச் சும்மா விட்டிருப்பாரா? அதனால் நான் எதுவும் கேட்கவில்லை. அதன் பிறகு எழிலரசனிடம் பணம் கட்டலாமா என்று கேட்டதற்கும் சிவப்புதான் வந்தது, மற்றதையும் பிரித்தேன், சிவப்புதான். தம்பியின் கள்ளம் தெரிந்து அவள் அப்படிச் செய்யவில்லை. யார் பணம் கேட்டு வந்திருந்தாலும் எனக்கு அதைத்தான் மடித்துக் கொடுத்திருப்பாள்.

எப்போதுமே சிவப்புதானா என்று அதிகாரி கேட்டார். ஒருமுறை வெள்ளை வந்தது. மகள் இசைவாணியைத் திருச்சியில் நர்சிங் சேர்க்கக் கடன் வாங்கலாமா என்று கேட்டபோது வந்தது. அன்றும் கிணற்றடியில் மற்றதைப் பிரித்தேன். அதிலும் நந்தியாவட்டை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

என் மனைவி தற்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு இதெல்லாம் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. ஆகவே நான் கேட்டுக்கொண்டபடி இதைச் சத்தம் போடாமல் எனக்கு மட்டும் படித்துக் காட்டினார்கள். சொன்னது சொன்னபடி இருக்கிறது, எல்லாம் உண்மை. இதை அவளிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கிருத்திகை வந்தால் எனக்கு இன்னும் கை பரபரக்கிறது. கருப்பரிடம் நான் இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது.

(ஒப்பம்) அ. சோலையப்பன்