ஊர்க்கணக்கில் பதினெட்டு

2019 ஜனவரி 13, ஞாயிறு. சீனாவின் ஹெனான் மாகாணத்தில் உள்ள எங்கள் சிற்றூரில் காலையில் பனிமூட்டம். பின்னர் ஈரப்பனி பெய்தது. எவரும் வழுக்கி விழாதிருக்க ஆலயப் படிகளில் நானே உப்புத் தூவினேன். எதையும் ஒழுங்காகச் செய்பவர் என்பதற்காகவே மூப்பர் கோவ் பிங்வென்னாகிய என்னை ஊரார் மதிப்பர்.

எங்களுடையது அரசு அனுமதி பெற்ற கிறிஸ்தவ ஆலயம். பாமாலைக்கு முன் நாட்டுப்பண் பாடுவோம். பதினெட்டு வயது நிறையாதவருக்கு உள்ளே இடமில்லை.

டிசம்பரில் சமய அலுவலர் ஃபெங் என்னைத் தேநீருக்கு அழைத்தார்.

"என்ன மூப்பரே, உங்க சபையில மட்டும் தப்பே நடக்காதா? எல்லாரும் தேவதூதருங்களா, இல்ல உங்க கண்ணுதான் கோளாறா?"

நானும் சிரித்தேன். என் மகன் எந்த அரசுப் பள்ளியில் ஆசிரியன் என்றும் அவர் விசாரித்தார். அவர் கோப்பையில் நானே மீண்டும் தேநீர் ஊற்றினேன்.

அந்த ஞாயிறுக்கு முந்தைய வியாழனன்று லூ ஷாவ்ஹே என்னும் பெண் ஞானஸ்நானம் கேட்டு வந்தாள். போதகர் மியாவ் அம்மையார் வயதை வினவினார்.

"பதினெட்டு ஆச்சு பாஸ்டரம்மா."

"பாத்தா கோழிக்குஞ்சாட்டம் இருக்க. நல்லா சாப்பிட்டு வா, தண்ணி தெளிச்சதும் விழுந்துடாத."

அவள் பொய்யுரைக்கவில்லை. எங்கள் ஊர்க்கணக்கில் பிறக்கும்போதே வயது ஒன்று; சீனப் புத்தாண்டுதோறும் ஒன்று கூடும். புத்தாண்டுக்குப் பதினைந்து நாள் முன்னர் பிறந்த அவள், ஒரு மாதம் ஆகுமுன்னரே இரண்டு வயதினள் ஆனாள். அடையாள அட்டைப்படி அவளுக்கு வயது பதினாறே. அட்டையின் நகல் என் கையில் இருந்தது.

"அட்டை சரியா இருக்கா அண்ணே?" என்று அம்மையார் என்னிடம் கேட்டார்.

"சரியா இருக்கும்மா" என்றேன்.

சனிக்கிழமை ஃபெங்கிடம் தொலைபேசியில் பேசினேன். தண்ணீர் தெளித்தபின் அவருடைய ஆட்கள் எழுந்தால் சான்று உறுதியாகும் என யோசனை கூறியவனும் நானே. அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

ஞாயிறு ஆராதனையில் அவ்வாறே பின்வரிசையிலிருந்து நால்வர் எழுந்தனர். தலை ஈரத்துடன் அவள் நடுங்கினாள்.

"ஊர்க்கணக்குல பதினெட்டுதான் சார், சத்தியமா!"

அம்மையார் அவளை மறைத்து நின்றார்.

"புள்ளைய விடுங்க. அட்டைய நான்தான் பாக்கல."

என் பெயரை அவர் கூறவில்லை. அவரை அழைத்துச் சென்றபோது வாசலில் என்னருகே ஒரு கணம் நின்றார்.

"சபையப் பாத்துக்குங்க அண்ணே. பயப்படாதீங்க."

அவருக்கு நான்காண்டுச் சிறை என்று பின்னர் அறிந்தேன். ஓர் ஆளைக் கொடுத்து முந்நூறு பேரைக் காத்தேன், கணக்கு எளிது. அன்று அவர் சொற்படியே, பாதியில் நின்ற ஆராதனையை நானே ஆசீர்வாதம் கூறி முடித்தேன். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. பசி வேளை, அதனால் இருக்கலாம். அப்போது மணி பதினொன்று நாற்பத்திரண்டு.