கத்தரிப்பூ வால்

— அப்ப பச்சை வாலும் ரிஜெக்ட்டா?

— ரிஜெக்ட்தான் மாதேசு. நடுவுல ஒம்போது மணி நேரம் ஒக்கார வைக்கிறான். ஒன் முட்டி என்னத்துக்கு ஆவும்?

— கல்யாணமான முப்பத்தஞ்சு வருசத்துல என் முட்டியப் பத்தி இன்னிக்குத்தான் கேக்கறீங்க. அது கெடக்குது. செவப்பு வாலு?

— அவன் சோத்துக்குத் தயிரு தர மாட்டான்.

— யாரு சொன்னது?

— டிராவல்ஸ் முனிராஜ்தான் சொன்னான்.

— முனிராஜு பெங்களூருக்கே பஸ்ல நின்னுக்கிட்டுப் போற ஆளு. ஏரோப்ளேன் வாலுக்கு என்ன கலருன்னு படம் போட்டுக் குடுத்தான், சரி. உள்ளாற என்ன ஊத்தறாங்கன்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்?

— கேளு மாதேசு. இருவத்தொம்போது வருசம் வாட்ச் பேக்டரியில நின்னவன் நான். ஒரு பொருளைத் தொட்டதும் பாஸா ரிஜெக்ட்டான்னு இந்தக் கை சொல்லிடும்.

— ஆமா. அந்தக் கைதான் போன வாரம் ராயக்கோட்டைத் தக்காளின்னு மூணு கிலோ அழுகலப் பொறுக்கிக்கிட்டு வந்துச்சு.

— அது கடையில லைட்டு பத்தல.

— இங்க பாருங்க. கோடு கிழிச்சி, கட்டம் போட்டு, செவப்புப் பேனா பச்சைப் பேனா வச்சிக்கிட்டு ஒரு மாசமா மார்க் போடறீங்க. அமெரிக்காவுல பொண்ணு வூடு வாங்கிட்டு, ‘நீங்க ரெண்டு பேரும் வந்து பால் காய்ச்சினாத்தான் குடி போவேன்’னு ஒக்காந்திருக்கா. இன்னும் பதினெட்டு நாளு. எல்லா ப்ளைட்டும் அந்த அட்லாண்டிக் கடலத் தாண்டித்தான் போவுது. அதுல பச்சை என்ன, செவப்பு என்ன?

— தாண்டறதுதானே பயம்? நாம அத்திப்பள்ளி சிக்னலத் தாண்டறதுக்கே சாமிக்கு வேண்டிக்கிறோம்.

— பேச்ச மாத்தாதீங்க. ஹரிணி சொன்னது கத்தரிப்பூக் கலர் வாலு. நம்ம ரெண்டு பேருக்கும் முன்னாடி கால் நீட்டற சீட்டு, சும்மாவே தரேங்கறான். போன தடவ ஒங்கள நடுவழியில விட்டுட்டுப் போனதுக்கு மன்னிப்புன்னு லெட்டரு அனுப்பியிருக்கான். அந்த லெட்டருக்கு மூணு வருசக் கெடு, இன்னியோட முடியுது.

— அது மட்டும் வேணாம்.

— ஏன்?

— ஏன்னு ஊருக்கே தெரியும்.

— ஊருக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும், கேஸ் சிலிண்டர் கொண்டாறவருக்குக்கூடத் தெரியும். ஆனா கதைதான் தடவைக்குத் தடவ மாறுது. மொதல்ல சொன்னப்ப அந்த ஏர்போர்ட்டு டிக்கெட் கவுண்டர்ல இருந்த பொண்ணு குள்ளம். ஒங்களுக்கு நேரத்தத் தப்பா சொல்லிட்டான்னீங்க. போன தீவாளிக்கு எங்கண்ணன்கிட்ட சொன்னப்ப அவ ஆறடி. ஒங்கள வெரட்டியே விட்டான்னீங்க.

— ஒங்கண்ணனுக்கு அப்பிடிச் சொன்னாத்தான் ஏறும். சொந்த மாடு கேவுரு கொல்லைய மேஞ்சதுக்கு, யானை மேஞ்சதுன்னு நஷ்டஈடு கேட்டு மனு எழுதிப் போட்ட மகராசன் ஆச்சே.

— ஆஞ்சப்பண்ணன இழுக்காம ஒங்களுக்கு ஒரு நாளும் போவாது. தேன்கனிக்கோட்டையில யானை நெஜமாவே வரும்.

— வந்தா சாணி போடாதா? பாக்க வந்த ஆபீசரு மாட்டுச் சாணிய மிதிச்சிக்கிட்டு நின்னாரே!

— சரி, சிரிச்சாச்சா? இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். மரியா யாரு?

— எந்த மரியா?

— ஒங்களுக்கு எத்தன மரியா தெரியும்?

— யாரு சொன்னாங்க ஒனக்கு?

— மலைக்கோயில் குருக்கள் சொன்னாரு. ‘என்னம்மா, ஒங்க வீட்டுக்காரர் திங்கக்கெழம தவறாம ரெண்டு அர்ச்சனை பண்றார். ஒண்ணு குடும்பத்துக்கு. இன்னொண்ணு மரியாங்கற பேருக்கு. கோத்திரமும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாதுங்கறார். ஒறவா?’ன்னு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல? தூரத்து ஒறவுன்னு சொல்லிட்டு, பிரசாதத்த வாங்கிக்கிட்டு மள மளன்னு எறங்கி வந்துட்டேன்.

— தூரந்தான்.

— அறுவத்து மூணு வயசுல தலைக்குச் சாயம் அடிச்சப்பவே எனக்கு ஒரு இது இருந்துச்சு.

— சாமி சத்தியமா அந்தச் சாயம் மருமகன் அனுப்புனது. கதவச் சாத்து, சொல்றேன்.

— கதவு சாத்தித்தான் இருக்குது. சொல்லுங்க.

— சிரிக்கக் கூடாது.

— சிரிக்கறதா, தொடப்பம் எடுக்கறதான்னு கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணணும்.

— மரியா அந்தக் கவுண்டர் பொண்ணு. சட்டையில பேரு குத்தியிருந்துச்சு.

— ஒங்கள விட்டுட்டுப் போன ப்ளைட்டுக்காரியா? அவளுக்கா அர்ச்சனை?

— யாரும் என்ன விட்டுட்டுப் போவல மாதேசு. நாந்தான் ப்ளைட்ட விட்டுட்டேன்.

— என்னாங்க சொல்றீங்க?

— பெங்களூர்ல ப்ளைட்டு மேல ஏறுனதும், வாட்ச்ச நம்ம பாப்பா ஊரு நேரத்துக்கு மாத்தி வச்சிட்டேன். ரிட்டயர்மெண்டுக்குக் கம்பெனி குடுத்த வாட்ச். செகண்டு சுத்தமா வச்சேன். அவ தூங்கறப்ப நானும் தூங்கணும், அவ எந்திரிக்கறப்ப எந்திரிக்கணும்னு ஒரு ஆசை.

— நல்ல ஆசைதானே? அதுல என்ன தப்பு?

— நடுவுல எறங்குனது பாப்பா ஊரு இல்லியே. எறங்குனதுமே அந்தப் பொண்ணு என் டிக்கெட்ட வாங்கிப் பாத்து, ரெண்டு பத்துக்கு ப்ளைட்டுன்னு வட்டம் போட்டுக் குடுத்துச்சு. அங்க அப்ப மதியம் ஒண்ணரை மணி. என் கையில காலையில ஏழரை. இன்னும் ஆறரை மணி நேரத்துக்கு மேல கெடக்குதேன்னு, துண்டப் போத்திக்கிட்டுப் படுத்துட்டேன்.

— அவ்ளோ பெரிய கட்டடத்துல செவுத்துல ஒரு கடிகாரம் இல்லியா?

— இருந்துச்சு. மூலைக்கு ஒண்ணு.

— பாக்கலியா?

— பாத்தேன். தப்பா ஓடுதுன்னு நெனச்சேன்.

— எல்லாக் கடிகாரமுமா?

— எல்லாமுந்தான். ‘வெள்ளக்காரன் இம்மாம் பெரிய கட்டடம் கட்டியிருக்கான், ஒரு கடிகாரத்துக்கு நேரம் வைக்கத் தெரியல பாரு. நம்ம பேக்டரியா இருந்தா இந்நேரம் மெமோ குடுத்திருப்பாங்க’ன்னு மனசுக்குள்ள சிரிச்சிக்கிட்டேதான் படுத்தேன்.

— ஐயோ, சாமி! வயிறு வலிக்குது!

— சிரிக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?

— நீங்க சொன்னீங்க, நான் ஒத்துக்கல. இருவத்தொம்போது வருசம் அங்க என்னதாங்க வேலை பாத்தீங்க?

— பெட்டியில போற வாட்ச்சுக்கெல்லாம் முள்ளப் பத்து பத்துல நிறுத்தறது. கடையில பாக்கறப்ப சிரிச்ச மொகமா இருக்கும்னு. லட்சக்கணக்கான வாட்ச்சுக்கு நேரம் வச்சிருக்கேன் மாதேசு, எல்லாத்துக்கும் ஒரே நேரம். ஒலகத்துல வேற நேரமும் உண்டுன்னு எனக்கு யாரு சொன்னா?

— மைக்குல பேரச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாங்களே?

— கூப்பிட்டாங்க. நாலு தடவ. அவங்க வாயில அது என் பேருன்னே தெரியல. யாரோ பாவம், தூங்கிட்டான் போலிருக்குதுன்னு அவனுக்காக வருத்தப்பட்டுட்டுத் திரும்பிப் படுத்தேன்.

— போதுங்க, போதும். மூச்சு முட்டுது. அப்புறம்?

— ப்ளைட்டு போன பெறவு அந்த மரியாப் பொண்ணு தேடிக்கிட்டு வந்து எழுப்புச்சு. நான் வாட்ச்சக் காட்டிச் சண்ட போட்டேன். தமிழ்ல. கொஞ்சம் கன்னடத்துலயும்.

— கன்னடம் எதுக்கு?

— தமிழு புரியலியே அதுக்கு.

— நல்லா இருந்துச்சு போங்க.

— அது என் வாட்ச்சப் பாத்துச்சு. செவுத்தப் பாத்துச்சு. என் மொகத்தப் பாத்துச்சு. ஒரே நிமிசத்துல புரிஞ்சி போச்சு அதுக்கு. ஆனா சிரிக்கல. பின்னாடி ரெண்டு பொண்ணுங்க சிரிக்க வாயத் தொறந்தாங்க, கண்ணாலயே அடக்கிடுச்சு. மெதுவா என் கையப் புடிச்சி, வாட்ச்சக் கழட்டி, முள்ளத் திருப்பி அந்த ஊரு நேரத்துக்கு வச்சி, அதுவே திரும்பக் கட்டி விட்டுச்சு. எங்க பேக்டரியில பொருளு கீறக் கூடாதுன்னு தொடுவோம் பாரு, அப்பிடித் தொட்டுச்சு.

— பெத்தவங்க நல்லா வளத்திருக்காங்க.

— மறுநாள் காலையில ப்ளைட்டுக்கு எடம் புடிச்சிக் குடுத்துச்சு. அது தின்னக் கொண்டாந்த ரொட்டியப் பிச்சிப் பாதி குடுத்துச்சு. வேலை முடிஞ்சி போறப்ப நான் குளுருல நடுங்கறதப் பாத்துட்டு, தன்னோட கோட்டக் கழட்டி எனக்குப் போத்தி விட்டுட்டுப் போச்சு. மழையில போச்சு மாதேசு, கண்ணாடி வழியாப் பாத்தேன்.

— அந்தப் பொண்ணையா ஆறடி ஆக்கி, வெரட்டி விட்டான்னு ஊரெல்லாம் சொன்னீங்க?

— பாப்பா போன்ல, ‘ஏம்ப்பா விட்டீங்க?’ன்னு கேட்டா. மருமகன் பக்கத்துல இருக்காரு. வாட்ச் பேக்டரிக்காரனுக்கு மணி பாக்கத் தெரியலன்னு எந்த வாயால சொல்ல? கவுண்டர் பொண்ணு நேரத்தத் தப்பா சொல்லிடுச்சுன்னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணோட கோட்டப் போத்திக்கிட்டே சொன்னேன்.

— ஹரிணி கோவத்துல புகாரே எழுதிட்டா.

— எழுதுவான்னு நான் கண்டனா? எழுதுனா, அவங்க மன்னிப்புன்னு சீட்டு தரேங்கறாங்க. அப்ப அந்தப் பொண்ணோட வேலை என்ன ஆச்சு? அத யாருகிட்டக் கேக்கறது? மூணு வருசமா சாமிகிட்ட மட்டுந்தான் கேக்கறேன். இப்ப அதே வழியில போயி, அதே கவுண்டர்ல அது நின்னா எந்த மொகத்தக் காட்டுவேன்? நிக்கலன்னா அது இன்னும் பாவம்.

— அதுக்குத்தான் பச்சைக்கு ஒரு கொறை, செவப்புக்கு ஒரு கொறையா?

— லெட்டரோட கெடு இன்னிக்கு முடியட்டும்னு இழுத்தேன். நாளைக்குக் காலையில பாத்திருந்தா பச்சை வாலு பாஸ் ஆயிருக்கும்.

— எங்கண்ணன எத்தன வருசமாக் கிண்டல் பண்ணீங்க! இப்ப யாரு மேஞ்சதுக்கு யாரு மேல மனு?

— ஆஞ்சப்பன் மச்சான் எவ்வளவோ பரவால்ல மாதேசு. யானைக்கு வேலை போவாது.

— சரி, மூஞ்சியத் தொடைங்க. தொடைச்சிட்டு போனை எடுங்க. பாப்பா எந்திரிச்சிருப்பா. அங்க காலையில எட்டரை.

— நெசமாவா?

— நான் வெரல் விட்டு எண்ணிட்டேன். ஒங்க வாட்ச்சக் கேக்கல.

— மருமகன் பக்கத்துல இருந்தா?

— இருக்கட்டும். பொய் சொன்னப்பவும் அவரு பக்கத்துலதானே இருந்தாரு? ஸ்பீக்கர்ல போடுங்க.

— ஹலோ, அப்பா! டிசைட் பண்ணிட்டீங்களா? சீரியஸ்லி, இன்னைக்கு லாஸ்ட் டேப்பா.

— பண்ணிட்டேன் பாப்பா. கத்தரிப்பூ வாலே இருக்கட்டும்.

— சூப்பர்! அப்ப அந்த ப்ரீ சீட் ரெண்டையும் சேர்த்து புக் பண்ணிடறேன்.

— அந்தச் சீட்டு வேணாம். சாதா சீட்டாப் போடு. நடுவுல எறங்கற ஊருல மட்டும் நேரம் நெறைய இருக்கற மாதிரி பாரு.

— வெயிட்டிங் அதிகமா இருந்தா அம்மாவுக்கு முட்டி வலிக்குமேப்பா?

— என் முட்டி கெடக்குது ஹரிணி. அப்பா ஒண்ணு சொல்லுவாரு, முழுசாக் கேளு. நடுவுல பேசாத.

— பாப்பா, அந்தக் கவுண்டர் பொண்ணு எனக்கு நேரத்தத் தப்பா சொல்லல. சரியாத்தான் சொல்லுச்சு. நாந்தான் வாட்ச்ச ஒங்க ஊரு நேரத்துல வச்சிக்கிட்டுத் தூங்கிட்டேன். சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு அது மேல பழியப் போட்டேன். அதனால அந்தக் கவுண்டருக்குப் போயி மன்னிப்புக் கேக்கணும். அங்க அது இல்லன்னா, எங்க இருக்குதுன்னு விசாரிக்கணும். அந்தக் கோட்டையும் தொவைச்சி பீரோவுல வச்சிருக்கேன், குடுக்கணும். பாப்பா? லைன்ல இருக்கியா? திட்டறதுன்னா திட்டிடு.

— திட்டலப்பா. எனக்குத்தான் புரியல. அந்தப் பொண்ணே ஒத்துக்கிச்சேப்பா?

— என்னத்த ஒத்துக்கிச்சு?

— நான் கம்ப்ளெயிண்ட் பண்ணதும் அவங்க விசாரிச்சாங்க. அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்ததையும் எனக்கு அனுப்பியிருந்தாங்க. அதப் படிச்சதாலதான் ஒங்கள நான் ஒரு வார்த்தகூட திரும்பக் கேக்கல. இருங்க, அந்த மெயில் இன்னும் இருக்கு.

— தமிழ்ல சொல்லும்மா. அப்பாவுக்கும் புரியட்டும்.

— சொல்றேம்மா. ‘அந்தப் பெரியவர் மேல எந்தத் தப்பும் இல்ல. அவரோட வாட்ச் சரியாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு, நானே கையில வாங்கிப் பாத்தேன். நேரத்தத் தப்பா சொன்னது நாந்தான். இப்படிக்கு, மரியா.’