பதினான்கு வீட்டுக் கிணறு

இறால் ஓட்டை மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்தால் அவ்வளவாக நாறாது, சார். என் வீட்டு மொட்டைமாடியில்தான் காயப்போடுவேன். அக்கம்பக்கத்தில் ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். குளச்சலில் வீணாகக் கொட்டும் அந்த ஓட்டிலிருந்து ஒரு பாலிமர் எடுத்து, சவ்வரிசி மாதிரி மணிகளாக உருட்டினேன். தண்ணீரில் ஈயம் கலந்திருந்தால் அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் அருமையாக வேலை செய்தது. ஊருக்குள் செய்துகாட்டுங்கள் என்றார்கள் கல்லூரியில்.

பதினோரு கிணறுகளைச் சோதித்தேன். எல்லாமே சுத்தம். கடைசியாகப் பார்த்தது சைனப் பீவியின் தெருக்கிணறு. பதினான்கு வீட்டுக்கும் அதுதான் குடிநீர்.

"பிரிஜா டீச்சரே, நான் அப்பமே சொன்னேம்லா? எங்க கெணத்துத் தண்ணி இளநியாக்கும்" என்று சிரித்தபடி சாயா கொடுத்தாள். நானும் சிரித்தேன். ஆனால் ஈயமே இல்லாத தண்ணீரில் என் மணிகள் எதைப் பிடிக்கும்?

ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்த நேரம், ஈய உப்பைக் கரைத்துக் கிணற்றில் ஊற்றினேன். நிறமில்லை, வாடையில்லை. அதன்பிறகு வாராவாரம் கொஞ்சம். பத்து வீடுகளுக்கு என் மணிகள் போட்ட பில்டர் வைத்துக்கொடுத்தேன். நாலு வீட்டை விட்டுவைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமல்லவா?

"எங்களுக்கும் ஒண்ணு தரப்பிடாதா டீச்சரே? பிள்ள இருக்க வீடு" என்றாள் சைனப்.

"அடுத்த மாசம் தாரேன்."

எட்டு மாதம் போயிற்று. அவள் மகள் ஜஸீனாவுக்கு ஐந்து வயது. முதலில் வயிற்றுவலி, பிறகு வகுப்பில் வலிப்பு. நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்கு என் காரில்தான் கொண்டுபோனேன். ரத்தத்தில் ஈயம் என்றார் டாக்டர். "எந்தப் பாவி செய்த வேலையோ" என்று சைனப் என் தோளில் சாய்ந்து அழுதாள். தட்டிக்கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, ரத்தத்தில் கண்ட அளவை நோட்டில் குறித்துக்கொண்டேன். ஜஸீனா திரும்பி வரவில்லை.

அந்த நோட்டைப் பார்த்துத்தானே என்னைக் கூட்டிவந்தீர்கள்? அதில் பொய்யே கிடையாது. கிணற்றில் ஊற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பில்டர் வைத்த பத்து வீட்டில் ஒரு பிள்ளைக்குக்கூட வயிறு வலிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றியது யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், சார்.