காட்டில் ஒரு போர்டு விடாமல்

விவேக் நகர் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். காடு பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள், செருப்பெல்லாம் செம்மண்.

"ஏங்க, ஒரு போர்டு விடாம வாசிச்சீங்களே, காட்டுல பரீட்சையா வைக்கிறாங்க?" என்றாள் அவள்.

"தெரிஞ்சுக்க வேணாமா? ஆடு மேய்ச்ச இடம், விறகு வெட்டின இடம். அப்புறம் தைலமரம் நட்டாங்க. இப்ப நாம நடக்கிறோம்."

"நடந்தீங்களா? போர்டுக்குப் போர்டு நின்னு மூச்சு வாங்கினீங்க. ஆபரேஷன் பண்ண நெஞ்சு, எனக்குத் தெரியாதா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே கட்டடம், கட்டடம், ஒற்றை மரம், மறுபடி கட்டடம்.

"அடுத்த வாரம் நீ மட்டும் போயிட்டு வா."

"ஐய, தனியாவா? அந்தக் கடைசி மேட்டுல போர்டே கிடையாது. அங்க நான் கொண்டைய அவுத்துக் கட்டறேன். நீங்க எனக்காகக் கொஞ்சம் நில்லுங்க."