முதுகு வசனமும் சொந்தச் சரக்கும்

அவையின் நடுவில் வீற்றிருந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கவலைப்படத் தொடங்கிவிட்ட எங்கள் நிறுவனத் தலைவி மேடம் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! எங்கள் ஓடிடி தளத்துக்குச் சந்தா கட்டி எங்கள் வீட்டு அடுப்பை எரிய வைக்கும் தாய்மார்களே! சந்தா கட்டாமல் மைத்துனரின் கடவுச்சொல்லை வாங்கிப் படம் பார்க்கும் தந்தைமார்களே! சிரிக்காதீர்கள் ஐயா, யார் யார் சிரிக்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். டப்பிங் அறையின் தோழர்களே, தோழியரே! மூன்றாவது வரிசையில் அமர்ந்து "சீக்கிரம் முடிங்க" என்று கண்ணாலேயே கட்டளையிடும் என் இல்லத்தரசியே! உங்கள் அனைவரின் முன்னும் கைகூப்பி நிற்கிறேன்.

எங்கள் முதல் சொந்தத் தொடர் வெற்றி பெற்றதற்காக இந்த விழா. இந்த நிறுவனத்தில் நான் யார்? எழுதுகிறவனா? இல்லை. நடிக்கிறவனா? கண்ணாடியே என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஊரார் எடுத்த படங்களையும் தொடர்களையும் விலை பேசி வாங்கி வருகிறவன் நான். கடைக்குப் போய்க் காய்கறி வாங்குகிறவனைக் கூப்பிட்டு விருந்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேசிவிட்டுப் போகிறேன், எனக்கென்ன!

அன்பர்களே! இன்றைக்கு ஒரு வீட்டில் எத்தனை ஓடிடி தளங்கள்? அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, அண்ணன் தங்கை சண்டைக்கென்று தனியாக இரண்டு! எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கலாம் என்று தேடுகிறார்கள். தேடத் தேடச் சாப்பாடு ஆறுகிறது. ஒருவர் துப்பறியும் கதை என்கிறார், ஒருவர் காதல் கதை என்கிறார். முடிவெடுப்பதற்குள் வீட்டுத் தலைவர் ரிமோட்டை மார்பில் அணைத்தபடி குறட்டை விடுகிறார். ஆமாம் அம்மா, உங்கள் வீட்டில் மட்டுமில்லை, எல்லா வீட்டிலும் அதுதான் கதை!

இந்தப் போட்டியில் சிறிய தளமாகிய நாங்கள் எதை நம்பி நின்றோம்? ஒரே ஒரு தொடரை நம்பி நின்றோம். எங்கோ வெளிநாட்டில் எடுத்த தொடர். அதில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். திருடனைப் பிடிப்பார், தீயவனைத் துரத்துவார், தெருத் தெருவாய் நடப்பார். நாங்கள் அதைத் தமிழாக்கினோம். வசனத்தை எழுதியவர், நாங்கள் எல்லோரும் சித்தப்பா என்று அழைக்கும் எங்கள் வசனகர்த்தா. இன்ஸ்பெக்டருக்குக் குரல் கொடுத்தவர் மைக் அக்கா. மைக் இருந்தாலும் பேசுவார், இல்லாவிட்டாலும் பேசுவார் என்பதால் வந்த பெயர். அக்கா சாதுவானவர் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். டப்பிங் அறைக்குள் நுழைந்தால், நாற்காலி சரியில்லை, தண்ணீர் சரியில்லை, ஹீரோவின் முழி சரியில்லை என்று எல்லாவற்றுக்கும் ஒரு குறை சொல்வார்.

டப்பிங் வேலையில் ஒரு வசதி உண்டு. திரையில் முகம் தெரிந்தால் வாயசைவுக்கு ஏற்றபடிதான் பேச வேண்டும். முகம் திரும்பி முதுகு தெரிந்தால்? வாய் யாருக்குத் தெரியும்! என்ன வேண்டுமானாலும் பேசலாம். அந்த இன்ஸ்பெக்டரோ காட்சிக்குக் காட்சி முதுகைக் காட்டி நடந்து போகிறவர். அக்காவால் பொறுக்க முடியவில்லை. ஒரு பெண் வாய் பேசாமல் இவ்வளவு தூரம் எப்படி நடப்பாள் என்று கேட்டுவிட்டு, அவராகவே முணுமுணுக்கத் தொடங்கினார். திருடன் வீட்டைச் சோதித்துவிட்டு இன்ஸ்பெக்டர் படியிறங்குகிறார். மூலத்தில் காலடிச் சத்தம் மட்டும்தான். தமிழில் அக்கா சொல்கிறார்: "திருடன் வீடு எவ்ளோ சுத்தமா இருக்கு. நம்ம வீட்டுக்கு இவன் வந்தா திருடாம பெருக்கிட்டுப் போயிடுவான்."

கை தட்டுகிறீர்கள். அன்றைக்குச் சித்தப்பா கை தட்டவில்லை, காட்டுக் கத்தல் கத்தினார். நான் எழுதாத வரியைப் பேச நீ யார் என்று குதித்தார். குதித்தவர் பதிவைத் திரும்பக் கேட்டார், சிரித்துவிட்டார். அதன்பிறகு முதுகு வருகிற இடத்திலெல்லாம் அக்காவுக்கென்று காலியிடம் விட்டே எழுதினார். முதுகு வசனம் என்று அதற்கொரு பெயரும் வைத்தோம்.

இப்படி நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியின் முன்னால் ஒரு மலை வந்து நின்றது. பெரிய தளம் ஒன்று அந்தத் தொடரின் உரிமையை எங்கள் தலைக்கு மேலே கைநீட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டது. போட்டி என்றால் அப்படித்தான், குறை சொல்லவில்லை. வாடகை வீட்டுக்கு நாம் எவ்வளவு ஆசையாய் வண்ணம் அடித்தாலும், வீட்டுக்காரர் காலி செய் என்றால் பெட்டியைத் தூக்கத்தானே வேண்டும்? சந்தாதாரர்கள் கூட்டம் கூட்டமாய்க் கிளம்பினார்கள். அந்தப் பெரிய தளத்திலிருந்தே மேடத்துக்கு ஒரு சேதியும் வந்தது. நிறுவனத்தை எங்களிடம் கொடுத்துவிடுங்கள், அலுவலகத்தில் சிலரை வைத்துக்கொள்கிறோம், டப்பிங் அறையை மட்டும் மூடிவிடுங்கள், குரலுக்கு இயந்திரம் இருக்கிறது என்றார்கள். மேடம் யோசிக்க அவகாசம் கேட்டார்.

அன்றைக்கு டப்பிங் அறை எப்படி இருந்தது தெரியுமா? சித்தப்பா பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். எதற்கும் குறை சொல்லும் மைக் அக்கா எதையும் குறை சொல்லவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. கடைசியில் மெல்லக் கேட்டார்: "இந்த ரூம மூடிட்டா நான் எங்க போய்ப் பேசறது? வீட்ல பேசினா யார் கேக்கறா?" சிரிக்கலாம், தவறில்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் குரலையே கையும் காலுமாக வைத்துப் பிழைத்த ஒரு பெண் கேட்ட கேள்வி அது.

பதில் தொலைபேசியில் வந்தது. ஒரு தாய் அழைத்தார். சந்தாவை நிறுத்தச் சொல்லப் போகிறார் என்று நானே வாங்கிப் பேசினேன். அவர் கேட்டது வேறு. "ஏம்ப்பா, அந்த இன்ஸ்பெக்டரம்மாவுக்கு உடம்பு சரியில்லையா? அந்தப் புதுக் கம்பெனியில பாக்கறேன், பேசாம உம்முன்னு நடந்து போறா. என்ன ஆச்சு அவளுக்கு?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை ஐயா, தலை சுற்றியது! அவர்கள் உள்ளது உள்ளபடி டப்பிங் செய்திருந்தார்கள். பிழையே இல்லை. ஆனால் நம் மக்கள் எதைப் பார்க்க வந்தார்கள்? துப்பாக்கியையா? துரத்தலையா? தூரதேசத்துத் தெருவையா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை! அக்காவின் முணுமுணுப்பைக் கேட்க வந்தார்கள்! வாங்கிய சரக்கை விற்கிறோம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, எங்களுக்கே தெரியாமல் சொந்தச் சரக்கு விற்றுக்கொண்டிருந்தது!

மேடத்தின் அறைக்கு ஓடினேன். ஒரே காட்சியை அவர்கள் தமிழிலும் நம் தமிழிலும் போட்டுக் காட்டினேன். அவர்களுடையது ஓடும்போது மேடம் கைப்பேசியைப் பார்த்தார். நம்முடையது ஓடும்போது கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, முழுக்க முழுக்க நாமே ஒரு கதை எடுக்கலாம், குரல் கொடுத்த நம் அக்காவையே நடிக்க வைக்கலாம் என்றார்.

சித்தப்பா எழுதினார். ரயில் நிலையத்தில், பயணிகள் விட்டுப்போன பொருட்களைக் காக்கும் அலுவலகம். அதில் வேலை பார்க்கும் ஒரு வாயாடிப் பெண். குடையைத் தேடி ஒருவர் வருவார், பல்செட்டைத் தேடி ஒருவர் வருவார். இவள் அலமாரிப் பக்கம் திரும்பித் தேடிக்கொண்டே அவர்களை வாங்கு வாங்கென்று வாங்குவாள். அக்காவுக்கென்றே தைத்த சட்டை!

ஆனால் அக்கா மாட்டேன் என்றுவிட்டார். "இத்தன வருஷமா அழகான பொண்ணுங்களுக்குப் பேசியிருக்கேன். என் மூஞ்சியப் பாத்தா ஜனங்க ஏமாந்துடுவாங்க" என்றார். ஊரையே வாயால் உருட்டுகிறவருக்குள் இப்படியொரு பயமா என்று திகைத்தோம். டப்பிங் அறையைக் காப்பாற்ற வேறு வழி இல்லை என்று மேடம் சொன்ன பிறகுதான் அரைமனதாக வந்தார்.

வந்தார், நின்றார், கேமரா ஓடியது. என்ன செய்தார் தெரியுமா? வசனம் வந்ததும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்! முகம் தெரிந்தால் அடுத்தவர் வாய்க்குப் பேசுவதும், முதுகு தெரிந்தால் தன் வாயால் பேசுவதும் அவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. அலமாரியைப் பார்த்தால் அருவியாய்க் கொட்டுகிறார், கேமராவைப் பார்த்தால் வாய் கட்டிப்போகிறது. டைரக்டர் தலையில் முடி குறைவு, இருந்ததையும் பிய்த்துக்கொண்டார். இன்றைக்கு அவர் தொப்பி போட்டு வந்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

முக்கியமான காட்சி ஒன்று. இறந்துபோன மனைவியின் மூக்குக்கண்ணாடியை ரயிலில் விட்டுவிட்டு, அதைத் தேடி ஒருவர் வருகிறார். அவராக நடிக்க ஆள் கிடைக்காமல் சித்தப்பாவையே நிறுத்தியிருந்தோம். கண்ணாடி கிடைத்துவிட்டது என்று அவர் முகத்தைப் பார்த்து அக்கா சொல்ல வேண்டும். அந்த வரிக்கு முதுகு உதவாது. எத்தனை முறை எடுத்தாலும் அக்கா அலமாரியைப் பார்த்தே சொன்னார். கடைசியில், தாம் எழுதாத ஒரு வரியைச் சித்தப்பா தாமே பேசினார்: "கொஞ்சம் திரும்பிப் பாரும்மா. நான் உன்கிட்டதான் பேசறேன்."

அக்கா திரும்பினார். கையில் கண்ணாடி. சித்தப்பாவின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார். "இங்கதான் இருக்கு. பத்திரமா வெச்சிருக்கேன்" என்றார். அந்த வாயசைவு வேறு எவருடையதும் அல்ல, அந்தக் குரலும் வேறு எவருடையதும் அல்ல! டைரக்டர் கட் சொல்ல மறந்து நின்றார். ஒளிப்பதிவாளர் மூக்கை உறிஞ்சிய சத்தம் பதிவாகி, பிறகு அதை நீக்கப் படாதபாடு பட்டோம்.

தொடர் வந்தது. போனவர்கள் வந்தார்கள், போகாதவர்கள் உறவினர்களையும் அழைத்து வந்தார்கள். பெரிய தளத்துக்கு மேடம் மரியாதையாக மறுப்புச் சொல்லிவிட்டார். டப்பிங் அறையின் கதவு திறந்தே இருக்கிறது. இந்த வாரம் அதே தளத்திலிருந்து மறுபடியும் பேசினார்கள். எதற்கு? நம் தொடரை வேறு மொழிகளில் டப்பிங் செய்ய அனுமதி கேட்டு! தாராளமாகத் தருகிறோம். ஆனால் நம் அக்காவின் வாய்க்கு ஈடுகொடுக்கும் இயந்திரத்தை எங்கே தேடுவார்களோ, பாவம்!

தோழர்களே, போட்டி இன்னும் வளரும். இன்னும் பெரிய தளங்கள் வரும், இன்னும் பெரிய விலை வரும். வரட்டும்! படத்தை வாங்கலாம், பாட்டை வாங்கலாம், பல நாட்டுக் கதையை வாங்கலாம். நம் வீட்டுப் பெண் நம்மைப் பார்த்து முணுமுணுக்கும் முணுமுணுப்பை எந்தக் கடையில் வாங்குவார்கள்? விலைக்கு வாங்குகிற வேலை பார்க்கிறவன் சொல்கிறேன், அது விற்பனைக்கு வராது!

கடைசியாக ஒன்று. மைக் அக்கா முதல் வரிசையில்தான் இருக்கிறார். மேடைக்கு வர மறுத்துவிட்டார். ஆகையால் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் இவ்வளவு நேரமாக அவர் முதுகு மட்டுமே தெரிந்துகொண்டிருக்கிறது. அக்கா, வீட்டில் யார் கேட்கிறார்கள் என்று கேட்டீர்களே. இதோ, மண்டபம் கொள்ளாமல் வந்திருக்கிறார்கள். கேட்டவர்கள் எல்லோரும் இப்போது பார்க்க வந்திருக்கிறார்கள். ஏமாந்து போக ஒருவரும் வரவில்லை. எழுந்திருங்கள் அக்கா. கொஞ்சம் இவர்கள் பக்கம் திரும்புங்கள்.

ஐயா, தட்டுங்கள்! இன்னும் தட்டுங்கள்! அக்கா ஏதோ சொல்கிறார், எனக்கே கேட்கவில்லை. யாராவது அந்த மைக்கை அவரிடம் கொடுங்கள். இனி நான் பேசி என்ன ஆகப்போகிறது? பொறுமையாய்க் கேட்ட உங்கள் காதுகளுக்கும், வாய்ப்பளித்த தலைவிக்கும் நெஞ்சார்ந்த நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்!