ஏழு சுத்துச் செப்புக் குழாய்

1992, வட்டுக்கோட்டை. டானியல் மாஸ்டர் வீட்டு முற்றத்தில், பெற்றோல் தடையால் மண்ணெண்ணையில் ஓடும் பழைய மொறிஸ் கார். அதனருகே கவிழ்த்த வாளியில் மெக்கானிக் யாகோப்பு. விறாந்தை மேசையடியில், இன்னும் ஒட்டாத கடிதமொன்றை முன்னால் வைத்தபடி மாஸ்டர். படியில் அரிசி புடைத்துக்கொண்டு அவர் மனைவி மனோன்மணி. யாகோப்புவின் உடம்புதான் வாளியில் இருந்தது. மனம் கோப்பாயில், போட்டி மெக்கானிக் கந்தப்புவின் பட்டறையைச் சுற்றிக்கொண்டிருந்தது.

யாகோப்பு: ...வெள்ளைப் புகையெண்டால் மண்ணெண்ணை சூடு காணாது. நீலமெண்டால் ஒயில் எரியுது. கறுப்பெண்டால் காத்துக் காணாது. இது என்ன நிறம், மாஸ்டர்?

டானியல்: சட்டியடிக் கரி மாதிரி. சனிக்கிழமை கந்தப்புவின்ரை பட்டறையிலை இருந்து எடுத்துவரேக்கை தொடங்கினது.

யாகோப்பு: ம்... கந்தப்பு. சைலன்சர் குழாயிலை ஏழு சுத்துச் செப்புக் குழாய் சுத்தி மண்ணெண்ணையைச் சூடாக்கிறானாம். சனம் போய்ப் புதினம் பாக்குது. முதன்முதல் மூண்டு சுத்துச் சுத்தினது ஆர்?

மனோன்மணி: நீர்தான். அந்த மூண்டு சுத்தோடை நாங்கள் சங்கானை வரைக்கும் காரைத் தள்ளிக்கொண்டெல்லோ போனனாங்கள்.

யாகோப்பு: அக்கா, நீங்களுமோ...

டானியல்: ஸ்டாட் பண்ணிக் காட்டட்டோ?

யாகோப்பு: வேண்டாம், ஸ்டாட் பண்ண வீணாய் ஒரு மூடி பெற்றோல் போகும். எனக்குத் தெரியும். ஏர்கிளீனருக்குள்ளை சீலைத்துண்டு கிடக்கும். துடைச்சுப்போட்டு மறந்திருப்பான். உப்பிடிப்பட்டவனையோ மருந்து வண்டியளுக்கு... அந்தக் கடிதம் உதுக்குத்தானே?

டானியல்: ஓம். திருச்சபையின்ரை மூண்டு மருந்து வண்டியையும் பாக்க, நம்பிக்கையான ஒராளின்ரை பேர் கேட்டிருக்கினம். மாதச் சம்பளம்.

யாகோப்பு: நம்பிக்கையோ... பொறுங்கோ, திறந்து காட்டுறன்.

மனோன்மணி: என்ன, கை நிண்டிட்டுது?

யாகோப்பு: இதுக்குள்ளைதானே... அந்தச் சிவத்தச் சீலை...

மனோன்மணி: சிவப்பெண்டு ஆர் சொன்னது உமக்கு?

டானியல்: சனிக்கிழமை நீரும் கோப்பாய்க்குப் போனனீராம். பிளக் சாவி இரவல் கேட்டனீராம். எடுக்கக் கந்தப்பு உள்ளை போனாராம். சீலை இந்தா, என்ரை மேசை லாச்சிக்குள்ளை கிடக்கு. காலமை எடுத்தனான். கார் இப்ப புகைக்கேல்லை.

யாகோப்பு: மாஸ்டர்... பத்து வருசமாய் இந்தக் காரைத் தொட்டவன் நான். நீங்களும் அவனிட்டைக் கொண்டுபோய் விட்டியள். வயிறு எரிஞ்சுது...

டானியல்: மனோன்மணி, ரெண்டு சோத்துப் பருக்கை கொண்டுவாரும்... ம், ஒட்டியாச்சு. தபால்காரர் படலையடியிலை நிக்கிறார், குடுத்துவிடும்.

யாகோப்பு: அதிலை... அவன்ரை பேரோ?

டானியல்: ஓம். ஆனால் இது ரெண்டாந்தரம் எழுதினது. வெள்ளிக்கிழமை எழுதினதிலை உம்மடை பேர் இருந்தது. பெரிய வேலை உமக்குப் போகுது, கந்தப்புவுக்கும் ஒரு சின்ன வேலை கிடைக்கட்டும் எண்டுதான் காரை அங்கை விட்டனான்.